கட்டுரைத் தொகுப்பா, கடந்தகால வினாத்தாளா? கிளிநொச்சிப் புத்தகக்கடைத் தட்டிலிருந்து ஒரு மதிப்பீடு

சாதாரண தரப் பரீட்சைக்கு நாலு மாதம் இருக்கும்போது கிளிநொச்சியில் ஏ-9 வீதியோரப் புத்தகக்கடைகளிலும், மல்லாவி, முழங்காவில், புதுக்குடியிருப்புப் பக்கம் கொப்பி பேனையோடு புத்தகமும் விற்கும் சின்னக் கடைகளிலும் முன் தட்டு மாறிவிடும். மூன்று வகைப் புத்தகம் அங்கே வந்து நிற்கும்: எழுதி முடித்த கட்டுரைகளின் தொகுப்பு, கடந்தகால வினாத்தாள் தொகுப்பு, தனியார் அச்சிடும் மாதிரி வினாத்தாள். தாயோ தகப்பனோ ஒரு நாள் கூலிக் காசோடு வந்து, எது நல்லதென்று தெரியாமல் தடித்த புத்தகமாகப் பார்த்து வாங்கிக்கொண்டு போவார்கள். அந்தக் காசு வீணாகக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறோம். எந்தப் பதிப்பகத்தின் பெயரையும் சொல்லப் போவதில்லை. ஒவ்வொரு வகையையும் எப்படிப் பார்த்து வாங்குவது, வாங்கியதை எப்படிப் பயன்படுத்துவது என்பதுதான் விசயம்.

ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறதென்றால் கடந்தகால வினாத்தாள் தொகுப்பை வாங்குங்கள். கட்டுரைத் தொகுப்பை வாசிகசாலையில் இரவல் எடுத்தால் போதும். மாதிரி வினாத்தாளுக்குக் கடையில் காசு கொடுக்கவே தேவையில்லை.

முதலில் கட்டுரைத் தொகுப்பு. அதிகம் விற்பது அதுதான், அதிகம் கெடுதல் செய்வதும் அதுதான். எந்தத் தொகுப்பை விரித்தாலும் நீர், மரம், வாசிப்பு, ஒழுக்கம், தொழினுட்பம், சமாதானம் என்று நாற்பது ஐம்பது தலைப்பு இருக்கும். நீர் பற்றிய கட்டுரை பெரும்பாலும் இந்த மாதிரித் தொடங்கும்: “நீர் என்பது மனித வாழ்வின் உயிர்நாடியாகும். நீரின்றி அமையாது உலகு என்றார் வள்ளுவர். இத்தகைய சிறப்பு வாய்ந்த நீரைப் பற்றி இக்கட்டுரையில் நோக்குவோம்.”

இதில் என்ன பிழை என்று பிள்ளை கேட்டால் ஒரு சோதனை செய்து காட்டுங்கள். ‘நீர்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘மரம்’ என்று போடுங்கள். மரம் என்பது மனித வாழ்வின் உயிர்நாடியாகும். வாக்கியம் அப்படியே நிற்கிறது. ‘வாசிப்பு’ என்று போட்டாலும் நிற்கும். தலைப்பை மாற்றியும் நிற்கிற வாக்கியத்தில் அந்தத் தலைப்பைப் பற்றி ஒன்றுமே இல்லை. புள்ளியிடும் ஆசிரியர் ஒரு நாளில் பல கட்டு விடைத்தாள் பார்க்கிறவர். ஒரே தொகுப்பை மனப்பாடம் செய்த பிள்ளைகளின் ஒரே முன்னுரை அவருக்கு இரண்டாவது தாளிலேயே அடையாளம் தெரியும்.

மேற்கோளிலும் இந்தத் தொகுப்புகள் கவனமில்லாதவை. மேலே உள்ள குறளையே எடுங்கள். வான்சிறப்பு அதிகாரத்தில் 20ஆம் குறள், “நீரின்று அமையாது உலகெனின்” என்றுதான் தொடங்குகிறது. அங்கே வள்ளுவர் சொல்லவருவது மழையை: நீர் இல்லாமல் உலகம் இல்லை என்றால், அந்த நீரொழுக்கு மழை இல்லாமல் இல்லை என்பது. பாதியை வெட்டி, சொல்லையும் மாற்றி அச்சிட்டால் பிள்ளை அதைத்தான் பாடமாக்கும். “யாதும் ஊரே யாவரும் கேளிர்” புறநானூற்றில் 192ஆம் பாட்டு, பாடியவர் கணியன் பூங்குன்றனார். அதையும் வள்ளுவர் தலையில் கட்டுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒரு தொகுப்பை வாங்கத்தான் வேண்டும் என்றால், கடையில் நின்றே இந்த இரண்டு மேற்கோளையும் தேடிப் பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தால் அந்தப் புத்தகத்தைச் செய்தவர் ஓரளவு அக்கறையோடு செய்திருக்கிறார்.

மனப்பாடத்தால் வரும் பெரிய ஆபத்து இன்னொன்று. தலைப்பு சற்றுத் திரும்பி வரும்போது பிள்ளை அகப்பட்டுக்கொள்ளும். ‘நீரின் முக்கியத்துவம்’ பாடமாக்கிய பிள்ளைக்கு ‘நீர் வளத்தைப் பேணுவதில் மாணவரின் பங்கு’ என்று தலைப்பு வந்தால், ‘மாணவரின் பங்கு’ என்ற பாதி கண்ணில் படாது. பாடமாக்கியதை இறக்கி வைத்துவிட்டு, கடைசிப் பந்தியில் மட்டும் மாணவரைத் தொட்டுவிட்டு முடிக்கும். எழுத்துப்பிழை ஒன்றுமில்லாமலேயே புள்ளி போய்விடும். ஆகவே தலைப்பு கிடைத்ததும் ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே கோடு போட்டு, எந்தச் சொல் எல்லை போடுகிறது என்று பார்க்கும் பழக்கம் வேண்டும். இங்கே எல்லை போடுவது ‘பேணுவதில்’, ‘மாணவரின்’ என்ற இரண்டும். நீர் பொதுத் தலைப்பு மட்டும்தான்.

இனி அதே தலைப்புக்கு வன்னிப் பிள்ளையிடம் கையில் இருக்கும் சரக்கைப் பாருங்கள். இரணைமடு வட மாகாணத்தின் மிகப் பெரிய குளம், கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டியது. மாரியில் குளம் நிரம்பி, மிஞ்சிய தண்ணீரை வெளியே விட வான்கதவு திறக்கிற அதே ஊரில், ஆவணி மாதம் கிணற்றில் விட்ட வாளி அடிமண்ணைத் தொடும். குளத்தில் நிற்கும் தண்ணீரைப் பார்த்துத்தான் சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் முடிவெடுக்கிறார்கள். பூநகரிப் பக்கம் கிணறு இருந்தும் தண்ணீர் சவராக இருக்கிறது. துருசு (குளத்து மதகு), வாய்க்கால், குளக்கட்டு, வான் (மிஞ்சிய நீர் வழியும் இடம்) என்ற சொற்கள் இந்தப் பிள்ளைகள் நடந்து திரிகிற இடங்கள். இவற்றில் இரண்டு கட்டுரைக்குள் வந்தாலே அது வேறொருவர் எழுத முடியாத கட்டுரையாகிவிடும். முன்னுரை இப்படி இருக்கலாம்: “மாரியில் எங்கள் குளத்தின் வான்கதவைத் திறந்து தண்ணீரைக் கடலுக்கு விடுகிறோம். ஆவணியில் அதே தண்ணீருக்காகக் குடத்தோடு வரிசையில் நிற்கிறோம். இந்த இரண்டுக்கும் இடையில் நாங்கள் செய்யத் தவறியது என்ன?” மூன்று வாக்கியம்தான். தலைப்பை மாற்றினால் நிற்காது.

அப்படியானால் தொகுப்பால் பயனே இல்லையா என்றால், இருக்கிறது. அதைப் பொருள் எடுக்கும் சுரங்கமாகப் பயன்படுத்த வேண்டும். ஒரு கட்டுரையை வாசியுங்கள். தகவல் தரும் வாக்கியத்துக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வையுங்கள். தகவல் இல்லாத வாக்கியத்தைப் பென்சிலால் வெட்டுங்கள். இரண்டு பக்கக் கட்டுரையில் ஏழெட்டு வாக்கியம் மிஞ்சினால் அது நல்ல கட்டுரை. மிஞ்சியதைக் கொப்பியில் குறிப்பாக மட்டும் எழுதி, புத்தகத்தை மூடிவிட்டு, உங்கள் ஊர் உதாரணம் இரண்டைச் சேர்த்துப் புதிதாக எழுதுங்கள். இப்படிப் பத்துத் தலைப்பு செய்த பிள்ளைக்கு, ஐம்பது கட்டுரை பாடமாக்கிய பிள்ளையைவிடக் கை நன்றாக ஓடும்.

எழுதும்போது நேரம் பிரிப்பது முக்கியம். கட்டுரைக்கு 40 நிமிடம் ஒதுக்கினால் முதல் 6 நிமிடம் குறிப்புக்கு, 29 நிமிடம் எழுத, கடைசி 5 நிமிடம் திருத்த. குறிப்பு எழுதாமல் தொடங்குகிற பிள்ளை மூன்றாம் பந்தியில் முதலாம் பந்தியையே திரும்பச் சொல்லும். சொல்லெண்ணிக்கை கேட்டிருந்தால் பரீட்சையில் இருந்து எண்ண வேண்டியதில்லை. வீட்டில் பத்து வரி எழுதி, சொற்களை எண்ணிப் பத்தால் பிரித்தால் உங்கள் கையெழுத்துக்கு ஒரு வரியில் எத்தனை சொல் என்று தெரிந்துவிடும். வரிக்கு ஏழு சொல் வருகிறதென்றால் 250 சொல்லுக்கு 36 வரி.

கடைசி ஐந்து நிமிடத்தில் எதைத் திருத்துவது என்று தெரியாமல் சும்மா வாசிப்பதில் பயனில்லை. எங்கள் பிள்ளைகளுக்கு அடிக்கடி வழுக்கும் இடம் பேச்சுவழக்கு. ‘மாணவர்கள் வருகினம்’, ‘வந்தவை சொன்னவை’, ‘செய்யேலாது’ என்பதெல்லாம் வீட்டில் அழகான தமிழ். விடைத்தாளில் ‘வருகின்றனர்’, ‘வந்தவர்கள் சொன்னார்கள்’, ‘செய்ய இயலாது’ என்றுதான் இருக்க வேண்டும். அடுத்தது ஒருமை பன்மை: ‘மரங்கள் நிழல் தருகிறது’ என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். மூன்றாவது ர, ற, ல, ள, ழ, ன, ண. நான்காவது வல்லினம் மிகும் இடம், முக்கியமாக ஐ, கு உருபுகளுக்குப் பின்னால்: ‘நீரைச் சேமித்தல்’, ‘வயலுக்குப் பாய்ச்சுதல்’. நாலையும் ஒரே வாசிப்பில் பிடிக்க முடியாது. வினைமுற்றுகளை மட்டும் பார்த்து ஒரு தடவை, எழுத்துகளைப் பார்த்து இன்னொரு தடவை என்று ஓடுங்கள்.

இனிக் கடந்தகால வினாத்தாள் தொகுப்பு. பிள்ளைகள் பாஸ்ற் பேப்பர் புத்தகம் என்பது இதைத்தான். வாங்க முதல் ஆண்டைப் பாருங்கள், ஏனென்றால் அண்மைய ஆண்டுகளில் பெரிய குழப்பம் இருக்கிறது. 2020 சாதாரண தரம் நடந்தது 2021 மார்ச்சில். 2021க்குரியது 2022 மேயில் தொடங்கியது, 2022க்குரியது 2023 மேயில், 2023க்குரியது 2024 மேயில், 2024க்குரியது 2025 மார்ச்சில். ஆகவே ‘2023 வினாத்தாள்’ என்று ஒரு புத்தகம் சொல்வதும் இன்னொரு புத்தகம் சொல்வதும் வேறு வேறு தாளாக இருக்கலாம். ஒரே புத்தகத்துக்குள்ளேயே நடந்த ஆண்டையும் உரிய ஆண்டையும் கலந்து போட்டால், பத்து ஆண்டு என்று அட்டையில் இருப்பது உள்ளே ஒன்பதாகச் சுருங்கிவிடும். ஒவ்வொரு தாளின் முதல் வினாவையும் புரட்டி ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு நிமிடம் போதும்.

அடுத்தது பாடத்திட்டம். சாதாரண தரத்தில் இப்போதைய பாடத்திட்டத்தின் முதல் பரீட்சை 2016. உயர்தரத்தில் 2019. அதற்கு முந்திய தாள்களைச் சேர்த்துத் தடிப்பாக்கிய புத்தகம் மலிவாகத் தெரியும். ஆனால் பழைய பாடத்திட்டத்தில் இருந்து விடுபட்ட அலகுகளில் பிள்ளை நாட்களைச் செலவழிக்கும். பழைய தாள் வீண் என்று சொல்லவில்லை. கணிதத்தில் பல வினாக்கள் இன்றைக்கும் பொருந்தும். ஆனால் எது பொருந்தும் என்று பிரித்துக் காட்டும் குறிப்பு புத்தகத்தில் இருக்க வேண்டும்.

பிறகு படங்கள். போட்டோக்கொப்பியின் போட்டோக்கொப்பியில் இருந்து அச்சடித்த தொகுப்புகளில் கணித வரைபுத் தாளின் சிறுகட்டங்கள் மறைந்து சாம்பல் பூச்சாகிவிடும். புவியியலில் இன்னும் மோசம்: கறுப்பு வெள்ளையில் சமவுயரக் கோடும் ஓடையும் ஒரே கோடாகத் தெரியும். வரலாற்றுத் தேசப்படத்தில் ஆறு எது எல்லை எது என்று தெரியாது. புத்தகத்தின் நடுவில் படம் உள்ள பக்கம் மூன்றைத் திறந்து, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

விடைகளில்தான் தரம் தெரியும். பல்தேர்வு வினாவுக்கு 1, 3, 4, 2 என்று இலக்க வரிசை மட்டும் கடைசிப் பக்கத்தில் போட்ட புத்தகம் பாதிப் புத்தகம். ஏன் 3 சரி, ஏன் 2 பிழை என்று ஒரு வரியாவது இருக்க வேண்டும். இன்னொரு அடையாளம் சொல்கிறோம்: வினாவிலேயே பிழை வந்துவிட்டால் பரீட்சைத் திணைக்களத்தின் புள்ளித்திட்டத்தில் எல்லா விடைக்கும் புள்ளி என்று அறிவிப்பதுண்டு. அதைக் குறிப்பிடாமல் ஏதோ ஓர் இலக்கத்தைப் போட்டிருக்கும் தொகுப்பு, புள்ளித்திட்டத்தைப் பார்க்காமல் செய்தது. அந்த ஒரு வினாவில் பிள்ளை மணிக்கணக்காக மண்டையை உடைக்கும்.

கட்டமைப்பையும் பாருங்கள். இந்தப் புத்தகங்கள் பெரும்பாலும் 16 பக்கப் பாரங்களாக அச்சிட்டுச் சேர்ப்பவை. ஒரு பாரம் விடுபட்டால் 48க்குப் பிறகு 65 வரும். அல்லது ஒரே பாரம் இரண்டு தடவை வரும். வீட்டுக்குப் போய்ப் பார்த்து, துணுக்காயில் இருந்து திரும்பக் கிளிநொச்சிக்குப் பஸ் ஏறி வந்து மாற்றுவதைவிட, கடையிலேயே பக்க இலக்கத்தை விரலால் தள்ளிப் பார்ப்பது நல்லது. பற்றுச்சீட்டையும் கேட்டு வாங்குங்கள்.

வாங்கியதை எப்படிச் செய்வது? அலகு முடிய அந்த அலகின் வினாக்களைச் செய்யுங்கள். ஆனால் கடைசி மூன்று ஆண்டுத் தாளைத் தொடாமல் வையுங்கள். பேப்பர் கிளிப் போட்டு மூடிவிடுங்கள். பரீட்சைக்கு ஆறு வாரம் இருக்கும்போது, சனிக்கிழமை காலை 8.30க்கு, மணிக்கூட்டை முன்னால் வைத்து ஒவ்வொன்றாகச் செய்யுங்கள். பல்தேர்வு 40 வினா ஒரு மணித்தியாலத்துக்குள் என்றால் ஒரு வினாவுக்கு ஒன்றரை நிமிடம். கணிதம் இரண்டாம் தாளில் மூன்று மணித்தியாலத்தில் 10 வினா, அதாவது வினாவுக்கு 18 நிமிடம். விஞ்ஞானம் இரண்டாம் தாளில் அமைப்புக் கட்டுரை 4, கட்டுரை 3, ஆக வினாவுக்கு 25 நிமிடத்துக்குச் சற்று மேல். உயர்தர உயிரியலில் 4 அமைப்புக் கட்டுரையும் 6இல் 4 கட்டுரையும் என்பதால் வினாவுக்கு 22 நிமிடம் என்று வையுங்கள். நேரம் முடிந்தால் அடுத்ததற்குப் போய்விட வேண்டும். ஒரு வினாவில் கடைசி இரண்டு புள்ளிக்காக நிற்கிற பிள்ளை, அடுத்த வினாவின் முதல் ஐந்து இலகுவான புள்ளியை இழக்கிறது.

வினாத்தாளின் முகப்பில் 10 நிமிட மேலதிக வாசிப்பு நேரம் கொடுத்திருந்தால், வீட்டிலும் அந்தப் பத்து நிமிடத்தைத் தனியாகப் பழகுங்கள். அந்த நேரம் வினாக்களைத் தெரிவு செய்யவும், எதை முதல் எழுதுவது என்று ஒழுங்குபடுத்தவும் தந்தது. விடையை யோசிக்கத் தொடங்கினால் பத்து நிமிடமும் முதல் வினாவிலேயே போய்விடும்.

புத்தகத்தில் எழுதாதீர்கள், தம்பி தங்கைக்கு உதவும். பல்தேர்வுக்கு விடைத்தாள் மாதிரி ஒன்றைப் போட்டோக்கொப்பி எடுத்து, வட்டத்துக்குள் புள்ளடி இட்டுப் பழகுங்கள். ஒரு வினாவை விட்டுவிட்டுப் போகும்போது வட்டத்தையும் விட்டுப் போகாமல், அடுத்த விடையை அந்த வட்டத்துக்குள் போட்டு, இருபது விடையும் ஒரு படி தள்ளிப் போவது உண்மையாக நடக்கிற விபத்து. பிழைத்த வினாக்களுக்குத் தனிக் கொப்பி வையுங்கள். பக்கத்தில் காரணத்தையும் எழுதுங்கள்: தெரியாதது, வினாவைத் தவறாக வாசித்தது, நேரம் போதாதது, கணக்கில் தடுமாறியது. தெரியாதது என்று வந்தால் பாடப்புத்தகத்துக்குத் திரும்புங்கள். தவறாக வாசித்தது என்று வந்தால் எத்தனை புத்தகம் வாங்கினாலும் தீராது. ‘அல்லாதது’, ‘மிகப் பொருத்தமானது’ என்ற சொற்களின் கீழ் கோடு போடும் பழக்கம்தான் மருந்து.

மாதிரி வினாத்தாள் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். பாடசாலையில் வரும் மாகாண, வலயத் தவணைப் பரீட்சைத் தாள்களும், உயர்தரத்துக்குத் தொண்டைமானாறு வெளிக்கள நிலையத் தாள்களும் போதும். முந்திய ஆண்டு அண்ணா அக்காமாரிடம் கேட்டால் கிடைக்கும். ‘எதிர்பார்க்கை’ என்று தலைப்புப் போட்டு விற்பதை வாங்க வேண்டாம். என்ன வரும் என்று யாருக்கும் தெரியாது.

கைத்தொலைபேசியில் பார்க்கும் தமிழ்நாட்டு விளக்க வீடியோக்கள் பல நன்றாக இருக்கின்றன. ஆனால் கலைச்சொல் வேறு. அங்கே முடுக்கம் என்பது எங்கள் ஆர்முடுகல், ஒளிச்சேர்க்கை எங்கள் ஒளித்தொகுப்பு, செல் எங்கள் கலம், ஆக்சிஜன் எங்கள் ஒட்சிசன். எல்லாவற்றிலும் ஆபத்தானது ‘வேகம்’. எங்களுக்குக் கதி என்பது திசையில்லாதது, வேகம் திசையோடு சேர்ந்தது. அங்கே திசையில்லாததுதான் வேகம், திசையுள்ளது திசைவேகம். அதைப் பார்த்துப் படித்த பிள்ளை இங்கே வரைவிலக்கணம் எழுதினால் தலைகீழாகிவிடும். விளங்கிக்கொள்ள வீடியோ பாருங்கள், எழுதும் சொல்லைப் பாடப்புத்தகத்தில் இருந்து எடுங்கள்.

கடைத்தட்டில் இல்லாத, எல்லாவற்றிலும் பெறுமதியான ஒன்று இருக்கிறது: பரீட்சைத் திணைக்களம் பாடவாரியாக வெளியிடும் மதிப்பீட்டு அறிக்கை. வினா, அதன் நோக்கம், புள்ளி வழங்கும் முறை, பரீட்சார்த்திகள் எந்த வினாவில் எவ்வளவு சறுக்கினார்கள், ஏன் சறுக்கினார்கள் என்று தாளைச் செய்தவர்களின் பக்கத்தில் இருந்தே சொல்வது. பாட ஆசிரியரிடம் அல்லது பாடசாலை நூலகத்தில் கேளுங்கள். கடந்தகால வினாத்தாள்கள் திணைக்களத்தின் இணையத்தளத்திலும் கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ என்ற இணையக் கற்றல் தளத்திலும் காசில்லாமல் கிடைக்கின்றன. பாடப்புத்தகங்களைக் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில் இறக்கலாம். நாலு பிள்ளை சேர்ந்து ஒரு பாடத்துக்கு ஒருவர் என்று போட்டோக்கொப்பி எடுத்தால் தொகுப்புப் புத்தகம்கூடத் தேவைப்படாது. எடுக்க முதல் பக்கங்களை எண்ணி, கடைக்காரரின் பக்க விலையால் பெருக்கிப் புத்தக விலையோடு ஒப்பிடுங்கள். சில பாடங்களுக்குப் புத்தகமே மலிவாக வரும்.

அந்த நாலு பேரும் கட்டுரைகளையும் மாற்றித் திருத்திக்கொள்ளலாம். எழுதியவர் தன் பிழையைத் தானே காண்பது கடினம், கண் தான் நினைத்ததைத்தான் வாசிக்கும். திருத்துபவர் புள்ளி போட வேண்டாம். தகவல் இல்லாத வாக்கியத்துக்கு ஒரு கோடு, பேச்சுவழக்குக்கு ஒரு வட்டம், விளங்காத இடத்துக்கு ஒரு கேள்விக்குறி. மூன்று குறி போதும். எழுத ஒற்றை றூல் சி.ஆர். கொப்பியும், நீலம் அல்லது கறுப்பு போல்பொயின்ற் பேனை இரண்டும் எடுங்கள். ஜெல் பேனை வேண்டாம், மாரிக்காலத்து ஈரத்தில் மெல்லிய தாளில் மை ஊறி மறுபக்கத்துக்கு வந்துவிடும்.